பெரிய கைக்குப் போனால் பத்திரமா?

வீட்டுக்குள் பொருத்தும் இணையக் கேமராக்களைத் தயாரித்துவந்த ட்ராப்கேம் என்ற சிறு நிறுவனத்தை, வீட்டுச் சாதன நிறுவனமான நெஸ்ட் 2014 ஜூனில் 55.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் நெஸ்டையே 320 கோடி டாலருக்குக் கூகுள் வாங்கியிருந்தது. அமேசான் 2017 டிசம்பரில் பிளிங்க் கேமரா நிறுவனத்தை வாங்கியது. வாசல் அழைப்புமணியிலேயே கேமராவை வைத்து விற்ற ரிங் நிறுவனத்தை 2018 பிப்ரவரியில் 80 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வளைத்துப்போட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் அமெரிக்க வீடுகளின் வாசலையும் கூடத்தையும் பார்த்துக்கொண்டிருந்த முக்கியமான கேமராக்கள் பலவும் இரண்டு பெருநிறுவனங்களின் வசமாகிவிட்டன.

இத்தகைய விற்பனைச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு நிம்மதிப் பெருமூச்சும் கூடவே வருகிறது. சிறு நிறுவனம் நாளைக்கே இழுத்து மூடப்படலாம். அதன் பாதுகாப்பு ஏற்பாடுகள் அரைகுறையாக இருக்கும். பெரிய நிறுவனத்திடம் பணம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள், கெட்டுப்போகக் கூடாத பெயரும் இருக்கிறது. ஆகவே கேமரா இனி பத்திரமான கையில் இருக்கிறது என்பது அந்த நம்பிக்கை. கேமரா வாங்கியவர்கள் மட்டுமல்ல, தொழில்நுட்பச் செய்தி எழுதுபவர்களில் பலரும் இதையே சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த நம்பிக்கை தவறானது. கடந்த பத்தாண்டு நிகழ்வுகள் அதற்கு நேர் எதிரான சாட்சியம் சொல்கின்றன.

முதலில், இந்த விற்பனைகளில் எது கைமாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ட்ராப்கேம் கேமராவின் விலை அப்போது 149 டாலர். அதில் பதிவான காட்சி வீட்டில் தங்கவில்லை. வைஃபை வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உரிமையாளரின் செல்போனுக்குத் திரும்பி வந்தது. பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையைத் தாய் பார்ப்பதென்றாலும் அந்தக் காட்சி நிறுவனத்தின் கணினியைத் தொட்டுவிட்டுத்தான் வந்தது. கடந்த ஏழு நாள் காட்சிகளைத் திருப்பிப் பார்க்க மாதம் 9.95 டாலர் சந்தா கட்ட வேண்டியிருந்தது. கேமராவுக்குக் காசு கொடுத்தவர் வீட்டுக்காரர். காட்சி இருப்பதோ நிறுவனத்திடம். எனவே நிறுவனம் விற்கப்படும்போது கட்டடமும் காப்புரிமையும் மட்டும் கைமாறுவதில்லை. மாதந்தோறும் வரும் சந்தாவும், லட்சக்கணக்கான வீடுகளின் உட்புறத்தைப் பார்க்கும் வழியும், அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரமும் சேர்ந்தே கைமாறுகின்றன.

வாடகை வீடு விற்கப்பட்டால் குடியிருப்பவரின் ஒப்பந்தம் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். கேமரா வாங்கியவரிடம் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. அவரிடம் இருப்பது, நிறுவனம் நினைத்த நேரத்தில் திருத்தி எழுதக்கூடிய விதிமுறைப் பக்கம் ஒன்றுதான்.

ட்ராப்கேம் விற்கப்பட்ட அன்று நெஸ்டின் நிறுவனர்களில் ஒருவரான மேட் ரோஜர்ஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தார். வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் அவரது தகவல் யாருக்கும் தரப்படாது, கூகுளுக்கும் தரப்படாது என்பதே அது. அவர் அதை மனமாரச் சொல்லியிருக்கலாம்; அதைச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஆனால் 2018 பிப்ரவரியில் தனி நிறுவனமாக இயங்கிவந்த நெஸ்ட் கூகுளின் வன்பொருள் பிரிவோடு இணைக்கப்பட்டது. 2019இல் 'கூகுள் நெஸ்ட்' என்ற பெயர் வந்தது. பழைய நெஸ்ட் கணக்கோடு தொடர்பவர்களுக்குப் புதிய சாதனங்களும் வசதிகளும் கிடைக்காது என்றும், கூகுள் கணக்குக்கு மாறுபவர்களுக்குக் கூகுளின் தனியுரிமை விதிகளே பொருந்தும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் 'கூகுளுக்கும் தரமாட்டோம்' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. யாரும் வாக்குத் தவறியதாகக் குற்றம் சாட்டவும் முடியாது. வாக்குக் கொடுத்த நிறுவனம்தான் தனியாக இல்லையே. கேமராக் காட்சிகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று கூகுள் அப்போது புதிதாக ஒரு வாக்குறுதி கொடுத்தது. அது நல்ல வாக்குறுதிதான். ஆனால் முதல் வாக்குறுதியைத் தாங்கி நின்றதைவிட உறுதியான எதுவும் இதையும் தாங்கி நிற்கவில்லை.

அதே 2019 பிப்ரவரியில் இன்னொன்றும் தெரியவந்தது. 2017 முதல் விற்கப்பட்டுவந்த நெஸ்ட் செக்யூர் அலாரக் கருவிக்குள் ஒரு மைக் இருந்தது. பெட்டியோடு தந்த விவரக் குறிப்பில் அது குறிப்பிடப்படவில்லை. கருவியில் குரல் உதவியாளர் வசதி வரப்போகிறது என்று அறிவித்தபோதுதான் வாங்கியவர்களுக்கே அது தெரிந்தது. மைக் அதுவரை இயக்கப்படவே இல்லை, குறிப்பில் விடுபட்டது தவறு என்று கூகுள் விளக்கம் தந்தது. பெரிய நிறுவனம் என்றால் எல்லாம் பலமுறை சரிபார்க்கப்பட்டே வீட்டுக்கு வரும் என்று நம்பியவர்களுக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதல் தந்திருக்கும்?

பொருள் நீடித்து உழைக்கும் என்ற எதிர்பார்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெஸ்ட் 2014இல் வாங்கிய ரிவால்வ் என்ற நிறுவனத்தின், வீட்டுச் சாதனங்களை இணைத்து இயக்கும் 300 டாலர் கருவி 2016 மே மாதத்தில் சர்வர் நிறுத்தப்பட்டதும் வெறும் பிளாஸ்டிக் டப்பாவாகிவிட்டது. ட்ராப்கேம் கேமராக்களுக்கும் நெஸ்ட் செக்யூர் கருவிக்கும் 2024 ஏப்ரல் 8 கடைசி நாளாயிற்று. சந்தா கட்டிவந்த ட்ராப்கேம் வாடிக்கையாளர்களுக்குப் புதிய கேமரா இலவசமாகவும் மற்றவர்களுக்குத் தள்ளுபடியிலும் தரக் கூகுள் முன்வந்தது. அது நேர்மையான செயல்தான். ஆனால் சிறு நிறுவனம் மூடிவிடுமே என்று பயந்தவர்கள் பெரிய நிறுவனமும் மூடும் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

இந்த நம்பிக்கையின் உயிர்நாடி பாதுகாப்பு பற்றிய வாதம். ரிங்கின் கதை அதைத்தான் உடைக்கிறது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 மே 31 அன்று ரிங் மீது தொடுத்த வழக்கின் மனுவில் உள்ள விவரங்கள் இவை. 2017 ஜூலைக்கு முன்பு ரிங்கின் ஒவ்வொரு ஊழியரும், உக்ரைனில் இருந்த நூற்றுக்கணக்கான ஒப்பந்தப் பணியாளர்களும், எந்த வாடிக்கையாளரின் எந்த வீடியோவையும் திறந்து பார்க்க முடிந்தது. வேலைக்கு அது தேவையா என்ற கேள்வியே எழவில்லை. ஓர் ஊழியர் 2017 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். கேமராவுக்கு வாடிக்கையாளர் வைத்த பெயரைக் கொண்டு தேடியிருக்கிறார்: படுக்கையறை, குளியலறை என்று பெயர் வைத்த கேமராக்களையே அவர் தேர்ந்தெடுத்தார். பல நாட்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் வேலைசெய்த பெண் ஒருவர் கவனித்துப் புகார் சொன்னபோது, பொறியாளர் இவ்வளவு கணக்குகளைப் பார்ப்பது சகஜம்தான் என்று மேலதிகாரி முதலில் தள்ளிவிட்டார். பார்க்கப்பட்டவர்கள் எல்லோருமே அழகான பெண்கள் என்பது தெரிந்த பிறகே விஷயம் மேலே போனது.

இது அமேசான் வாங்குவதற்கு முன்பு நடந்தது, ஆகவே சிறு நிறுவனத்தின் ஒழுங்கீனத்துக்குத்தான் இது சான்று என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான மறுப்பு. அதற்கான விடை அதே மனுவின் அடுத்த பகுதியில் இருக்கிறது. வேறு இணையதளங்களில் திருடுபோன கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்துக் கணக்குக்குள் நுழையும் தாக்குதல் பற்றி 2017, 2018 ஆண்டுகளிலேயே ரிங்குக்கு எச்சரிக்கைகள் வந்திருந்தன. ஆயினும் 2019 ஜனவரிக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் 55,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகள் இப்படி உடைக்கப்பட்டன. அப்போது ரிங் முழுக்க முழுக்க அமேசானின் உடைமை. உலகின் மிகப்பெரிய கணினிச் சேவைகளில் ஒன்றை நடத்தும் நிறுவனத்துக்கு இந்த வகைத் தாக்குதல் புதிதல்ல, தடுக்கும் வழியும் தெரியாததல்ல.

மிசிசிப்பி மாநிலத்தில் 2019 டிசம்பரில் நடந்ததைப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கனம் புரியும். பிள்ளைகளின் அறையில் கேமரா மாட்டி நான்கு நாட்களே ஆகியிருந்தன. அறையில் யாரோ பாட்டுப் போடும் சத்தம் கேட்டு எட்டு வயதுச் சிறுமி உள்ளே போகிறாள். கேமராவிலிருந்து ஓர் ஆண் குரல், 'நான்தான் சாண்டா கிளாஸ், உன் நண்பன்' என்று அவளோடு பேசுகிறது; அறையைப் போட்டு உடைக்கச் சொல்லித் தூண்டுகிறது. சிறுமி அம்மாவைக் கூப்பிட்டு அலறுகிறாள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று வாங்கி மாட்டிய கருவி அது.

கடவுச்சொல்லோடு கூடுதலாக ஒரு குறியீட்டையும் கேட்கும் முறையை ரிங் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது 2020 பிப்ரவரியில். அதற்குள் இத்தகைய செய்திகள் நாடெங்கும் பரவியிருந்தன, வழக்குகளும் போடப்பட்டிருந்தன. காட்சியை உரிமையாளரின் செல்போன் மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்பும் வசதி 2021இல் வந்தது. ஆனால் அது தானாக இயங்காது. உரிமையாளர் தேடிப் போய் இயக்க வேண்டும். இயக்கினால் வேறு பல வசதிகள் நின்றுவிடும். பெரிய நிறுவனத்தின் பொறியாளர்களால் இவற்றைச் செய்ய முடியும் என்பது உண்மையே. அவமானமும் வழக்கும் நெருக்கும்வரை செய்யவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. ஆணையத்தின் புகார்களை ரிங் ஒப்புக்கொள்ளவில்லை. 58 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பணத்திலிருந்து 2024இல் 1,17,044 பேருக்கு 56 லட்சம் டாலர் திருப்பித் தரப்பட்டது. தலைக்கு 50 டாலர்கூட வரவில்லை.

உரிமையாளர் பெரியவராகும்போது காட்சியைக் கேட்டு வருபவர்களும் பெரியவர்களாகிறார்கள். காவல்துறைகள் ரிங் வாடிக்கையாளர்களிடம் காட்சி கேட்பதற்கான ஏற்பாட்டில் 2019 ஆகஸ்டில் 405 காவல்துறைகள் சேர்ந்திருந்தன. 2022இல், செனட்டர் எட்வர்ட் மார்க்கி கேட்ட கேள்விகளுக்கு அமேசான் அனுப்பிய பதிலில் அந்த எண்ணிக்கை 2,161. அந்த ஆண்டின் முதல் பாதியிலேயே 11 முறை உரிமையாளரின் சம்மதம் இல்லாமல், அவசரநிலை என்ற காரணத்தில், காட்சிகள் காவல்துறைக்குத் தரப்பட்டதையும் அந்தப் பதில் ஒப்புக்கொண்டது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உதவுவதை யாரும் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் எது அவசரம் என்று தீர்மானித்தவர் நீதிபதி அல்ல, நிறுவனம். எதிர்ப்பு வலுத்த பிறகு 2024 ஜனவரியில் தன் ஆப் வழியே காவல்துறை காட்சி கேட்கும் வசதியை ரிங் நிறுத்தியது. விலகிப்போயிருந்த நிறுவனர் ஜேமி சிமினாஃப் அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். காவல்துறைகளுக்குக் கருவிகள் விற்கும் ஆக்ஸான் நிறுவனத்தோடு கைகோத்து அதே வேலை வேறு வழியில் தொடங்கியது. தலைமை மாறினால் கொள்கை மாறும் என்றால், வாடிக்கையாளர் எதை நம்பி அந்தக் கேமராவைக் கதவில் மாட்டினார்?

இவ்வளவுக்கும் பிறகு இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது எது என்று பார்த்தால், அளவோ நற்பெயரோ அல்ல, சட்டம்தான். வாசலுக்கு வருபவரின் முகத்தை அடையாளம் கண்டு பெயர் சொல்லும் வசதியை ரிங் 2025 இறுதியில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. வாசலுக்கு வரும் தபால்காரரிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ அதற்குச் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஆனால் இல்லினாய் மாநிலத்திலும் டெக்சாஸிலும் போர்ட்லாந்து நகரிலும் அந்த வசதி கொடுக்கப்படவில்லை. மூன்று இடங்களிலும் மனிதரின் முகப் பதிவை எடுப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. இல்லினாயின் சட்டம் 2008இலேயே இயற்றப்பட்டது, முகப் பதிவுக்கு முன்கூட்டியே எழுத்துமூலச் சம்மதம் கேட்கிறது, மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம்.