மேயர் பதவியும் ஆலோசனை வியாபாரமும்

அமெரிக்காவிலுள்ள நியூயார்க் நகரத்துக்கு 1994 முதல் 2001 முடிய எட்டு வருஷ காலம் மேயராக இருந்தவர் திரு. ரூடி ஜூலியானி என்பவராவார். 2001 செப்டம்பர் 11-ந் தேதி அந்நகரத்து இரட்டைக் கோபுரங்கள் ஆகாய விமானங்களால் மோதி வீழ்த்தப்பட்ட காலத்தில், அவர் தெருவில் நின்று ஜனங்களுக்குத் தைரியம் சொன்னார். அதற்காக உலகமே அவரைப் புகழ்ந்தது. 'டைம்' பத்திரிகை அவரை அவ்வாண்டின் மனிதரென்று போற்றிற்று. இந்தப் புகழ்ச்சியைப் பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

நிற்க, 2001 டிசம்பர் 31-ல் பதவிக்காலம் முடிந்தது. 2002 ஜனவரியிலேயே 'ஜூலியானி பார்ட்னர்ஸ்' என்ற பெயரால் ஆலோசனைக் கம்பெனி திறக்கப்பட்டுவிட்டது. மெக்ஸிகோ நகரத்துப் பெருமுதலாளிகள் 43 லட்சம் டாலர் கொடுத்து, தங்கள் நகரத்தில் குற்றங்களைக் குறைக்க வழி கேட்டார்கள். 2003-ல் 146 யோசனைகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. சம்பளம் போதாமல் லஞ்சத்தில் ஊறிய போலீசும், வேலையின்றித் தெருவில் கடை விரிக்கும் ஏழைகளும் நிறைந்த ஊருக்கு நியூயார்க் வைத்தியம் எப்படிப் பொருந்துமென்று அங்குள்ளவர்களே கேட்டார்கள்.

அதே 2002-ல் பர்டியூ என்னும் மருந்துக் கம்பெனியும் இவரை அமர்த்திக்கொண்டது. அக்கம்பெனி விற்ற வலி மாத்திரையால் ஏராளமான பேர் போதைக்கு அடிமையாகிக் கொண்டிருந்த சமயம் அது. 2007-ல் அக்கம்பெனியைச் சேர்ந்த ஸ்தாபனமும் அதன் பெரிய உத்தியோகஸ்தர் மூவரும், மருந்தைப் பற்றித் தப்பான விவரம் கூறி விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள்.

ஒரு மருந்துக் கம்பெனிக்கு மேயராயிருந்தவர் எதற்கு? அவருக்கு வைத்திய சாஸ்திரம் தெரியுமா? ரசாயனம் தெரியுமா? இல்லை. சர்க்கார் அதிகாரிகளிடம் அவர் பெயருக்கு மரியாதை உண்டு. பாமர ஜனங்களிடம் அவர் முகத்துக்கு நம்பிக்கை உண்டு. அவ்விரண்டுக்கும் விலையுண்டு. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்று தட்சணை வாங்கும் புரோகிதனுக்கும், சர்க்காருக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று கட்டணம் வாங்கும் இத்தகைய ஆலோசகருக்கும் என்ன வித்தியாசமென்று கேட்கிறோம்.

பதவி விட்டவர் பட்டினி கிடக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கற்ற வித்தையைக் கொண்டு யோக்கியமாய்ச் சம்பாதிப்பது யாவருக்கும் உரிமை. ஆனால், மேயர் என்ற பெயர் ஜனங்களின் ஓட்டாலும் வரிப் பணத்தாலும் உண்டாகும் பொதுச் சொத்தல்லவா?

பெயரை நம்புவதால் வரும் கேடு இன்னொன்றும் உண்டு. 2020 தேர்தலில் மோசடி செய்ததாக ஜார்ஜியா மாகாணத்து ஓட்டுச் சாவடி ஊழியர் இருவர் மீது இதே மனிதர் பொய்யாகப் பழி சுமத்தினார். முன்னாள் மேயர் சொல்லுகிறாரே என்று நம்பினவர்கள் அநேகர். 2023 டிசம்பரில் ஜூரிகள் 14 கோடி 80 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தார்கள். அம்மாதமே அவர் திவால் மனு போட்டார். 2024-ல் நியூயார்க் கோர்ட்டு அவரது வக்கீல் பட்டத்தையும் பறித்தது.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. சென்னைக்கு மேயர் பதவி 1933-ல் வந்தது. அம்பத்தூர் 2011-ல் சென்னைக் கார்ப்பரேஷனுடன் சேர்க்கப்பட்டது. ஆவடி 2019-ல் தனிக் கார்ப்பரேஷனாகி 2022-ல் தன் முதல் மேயரைப் பெற்றது. பூந்தமல்லி வரையில் வயலும் ஏரிக்கரையும் மனைக்கட்டாகி வருகின்றன. குடிநீர், சாக்கடை, குப்பை, ரோடு, கட்டட அனுமதி ஆகிய ஒவ்வொன்றிலும் கண்டிராக்டருக்கு லாபமிருக்கிறது. லாபமிருக்கும் இடத்தில் பழைய அதிகாரிகளின் பெயருக்குக் கிராக்கி தானாக வரும்.

ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர் ஓய்வுபெற்ற ஓராண்டுக்குள் தனியார் கம்பெனியில் சேர வேண்டுமானால் சர்க்காரின் முன் அனுமதி பெறவேண்டுமென்று நம் நாட்டில் விதி உண்டு. சம்பளத்துக்கு உழைத்தவருக்கு அந்தக் கட்டு வேண்டுமென்றால், ஓட்டு வாங்கி ஆண்டவர்களுக்கு அதைவிடக் கடுமையான கட்டு வேண்டாமா? ஆகவே தோழர்கள், இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "பதவி முடிந்த பிறகு எங்கள் ஊர்க் கண்டிராக்டர்களிடம் கூலி வாங்குவதில்லையென்று இப்போதே எழுதிக் கொடுப்பீரா?" என்று கேட்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.