பெட்டி நிறைந்தால் யாருடைய சாட்சியம் அழிகிறது?

களவோ, விபத்தோ, மரணமோ, எது நடந்தாலும் மறுநாள் செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும்: சி.சி.ரி.வி. பதிவுகளைக் கொண்டு பொலிஸார் விசாரணைகளை முன்னெடுத்துள்ளனர். சில நாட்கள் கழித்து வரும் இரண்டாவது வரி செய்தியில் இடம்பெறுவதில்லை. அது ஊருக்குள் வாய்வழியாக வரும்: "கமரா இருந்ததாம், ஆனால் பதிவு இல்லையாம்."

அந்தக் கமராக்களின் பதிவுப் பெட்டிகளைப் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் தொழில். மட்டக்களப்பு நகரில் கடைகள், காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் வீடுகள், வாவியைக் கடந்தால் படுவான்கரையில் ஆலை, பாடசாலை, கோயில் என்று போய் வருகிறேன். "பெட்டி பழுதாகிவிட்டது, வந்து பாருங்கள்" என்றுதான் அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் பல இடங்களில் உடைந்தது, எரிந்தது என்று எதுவும் இருக்காது. ஹார்ட் டிஸ்க் நிறைந்திருக்கும். அவ்வளவுதான். நிறைந்த பெட்டி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை யாரோ ஒருவர் எப்போதோ ஒரு தெரிவில் தீர்மானித்து வைத்திருப்பார். அந்தத் தெரிவைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். களவு போன கடையோடு அது நின்றுவிடுவதில்லை. பொலிஸ் தடுப்பில் நடந்தது என்ன என்ற கேள்வி வரை போகிறது.

நிறைந்த பெட்டி செய்யும் இரண்டு வேலைகள்

டி.வி.ஆர். பெட்டியின் அமைப்புப் பகுதியில் 'ஓவர்ரைட்' என்று ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கி வைத்தால், இடம் நிறைந்ததும் மிகப் பழைய நாளின் பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். அணைத்து வைத்தால், இடம் நிறைந்த கணத்தில் பதிவு நின்றுவிடும். முதல் வகையில் பழையது போகும். இரண்டாவது வகையில் புதியது பதிவாகவே மாட்டாது.

இரண்டுமே சத்தமின்றி நடப்பதுதான் சிக்கல். பதிவு நின்ற பிறகும் ரி.வி. திரையில் நான்கு கமராக்களின் நேரடிப் படமும் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் எல்லாம் சரியென்று நினைப்பார். டிஸ்க் நிறைந்தால் 'பீப்' ஒலி எழுப்பும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் தொல்லையென்று முதல் நாளே அதை நிறுத்தி விடுகிறார்கள். ஒரு கடையில் ஏழு மாதமாகப் பதிவே இல்லாமல் திரை மட்டும் ஓடியதைக் கண்டேன். களவு போன பிறகுதான் கடைக்காரருக்கே தெரிந்தது.

ஒரு பெட்டி எத்தனை நாள் தாங்கும்? சாதாரண இரண்டு மெகாபிக்சல் கமரா ஒன்று, பழைய எச்.264 முறையில் செக்கனுக்கு 4 மெகாபிட் அளவில் எழுதினால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 கிகாபைட் ஆகிறது. நான்கு கமராவுக்கு 173 கிகாபைட். நம் பக்கம் அதிகம் விலைபோகும் 1 டெராபைட் டிஸ்க் ஐந்தாறு நாளில் நிறைந்துவிடும். எட்டுக் கமரா என்றால் மூன்று நாள்கூட இல்லை. புதிய எச்.265 முறையில் அளவு பாதியாகக் குறையும், நாட்கள் இரட்டிப்பாகும். "ஒரு மாதம் நிற்கும்" என்று சொல்லி விற்கப்படும் பல பெட்டிகளில் உண்மையில் ஒரு கிழமைப் பதிவுதான் இருக்கிறது.

வாவிக்கரை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையை வைத்து இடத்தை மிச்சப்படுத்தப் பார்ப்போம். இரவில் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் மொய்க்கும். சிலந்தி வலை கட்டும். தென்னோலை ஆடும். மழைக்காலத்தில் விழும் ஒவ்வொரு துளியும் கமராவுக்கு அசைவுதான். அப்படியிருக்க, ஆளில்லாத இரவு டிஸ்க்கை நிரப்பிவிட்டுப் போகிறது. உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கிறது. அடிக்கடி கரண்ட் போய் வரும்போது எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் சேதமடைகிறது. உள்ளே இருக்கும் சிறிய பற்றரி தீர்ந்திருந்தால் கரண்ட் திரும்பியதும் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். நேற்றைய பதிவு பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் நேற்றைய திகதியில் தேடினால் கிடைக்காது.

இவை எல்லாவற்றுக்கும் திருத்தம் உண்டு. பெரும்பாலானவை அரை மணித்தியால வேலை. ஆகவே "தொழில்நுட்பக் கோளாறு" என்ற சொல்லை ஓர் அலுவலகம் சொல்லும்போது நான் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. ஓவர்ரைட் இயங்கியதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை அழிந்தது, கடைசியாக யார் பார்த்தார் என்று கேட்கலாம். மூன்றுக்கும் பதில் உண்டு. எப்போது என்ன அமைப்பு மாற்றப்பட்டது, எப்போது பெட்டி அணைக்கப்பட்டது என்பதை அந்தப் பெட்டியே தன் நிகழ்வுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கும்.

சாத்தான்குளத்தில் இருந்த 1 டெராபைட்

இந்தக் கேள்விகளை ஒரு நீதவான் நேரில் போய்க் கேட்ட சம்பவம் கடலுக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே விடயத்தைக் கையில் எடுத்தது. கோவில்பட்டி நீதவான் எம்.எஸ்.பாரதிதாசன் நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கையில் ஒரு குறிப்பு உண்டு: ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் அளவுக்குப் போதிய இடம் இருந்தும், அன்றாடப் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. சம்பவ நாளின் பதிவு அதில் இல்லை.

மேலே சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். நான்கு கமராவோடு அந்த அளவில் எழுதினால் 1 டெராபைட் ஐந்து நாள் தாங்கும். ஒரே நாளில் அழிய வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய் ஒருவர் அப்படித் தெரிவு செய்திருக்க வேண்டும். இடம் நிறைந்ததால் அழிந்தது என்று சொல்ல அங்கே வழியில்லை.

அதே வருடம் டிசெம்பர் 2 அன்று, வேறொரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் கமரா பொருத்த உத்தரவிட்டது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அந்தளவு வசதியுள்ள கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. கமரா வேலை செய்வதற்கும் பதிவு பாதுகாக்கப்படுவதற்கும் நிலையப் பொறுப்பதிகாரியே பொறுப்பு. இத்தனைக்குப் பிறகும் 2025 செப்டெம்பரில் அதே நீதிமன்றம், கமராக்கள் இயங்காதது பற்றி மீண்டும் தானாக வழக்கெடுக்க வேண்டியதாயிற்று. உத்தரவு மட்டும் பெட்டியை ஓட்டாது என்பதற்கு இதுவே சான்று. ஆனாலும் அங்கே நாட்களின் எண்ணிக்கை எழுத்தில் இருக்கிறது. பொறுப்பாளி யார் என்பதும் எழுத்தில் இருக்கிறது. தவறினால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது.

மட்டக்களப்புக்கு இது ஏன் அவசரம்

2018 நவம்பர் 30 அதிகாலையில் வவுணதீவுச் சோதனைச்சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். முதலில் முன்னாள் போராளி ஒருவர் கைதானார். அவர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்திலும் நாட்டின் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்த பிறகுதான், வவுணதீவுக் கொலைகளும் சஹ்ரான் குழுவின் வேலை என்று விசாரணையில் வெளிவந்தது. உறுதியான ஆதாரம் கையில் இல்லாத வேளையில் சந்தேகம் முதலில் எந்தக் கதவைத் தட்டும் என்பதை நம் மாவட்டம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

2021 ஜூனில் மட்டக்களப்பு இருதயபுரத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட பின் உயிரிழந்தார். போதைப்பொருளை விழுங்கியதே காரணம் என்றது பொலிஸ் தரப்பு. தாக்கப்பட்டார் என்றது குடும்பம். நீதிமன்ற உத்தரவில் புதைத்த உடல் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாவது முறை பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. புதைத்த உடலைத் தோண்டி எடுக்கலாம். மேலெழுதப்பட்ட பதிவைத் தோண்டி எடுக்க முடியாது. கைது நேரத்துக்கும் மரண நேரத்துக்கும் இடையில் நடந்ததை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்லும்போது, இருவரையும் சாராமல் பேசக்கூடியது அந்த நேரத்துப் பதிவு ஒன்றுதான்.

சட்டத்தின் நாட்களும் பெட்டியின் நாட்களும்

இலங்கையின் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், பகிரங்க அதிகாரசபைகள் புதிதாக உருவாக்கும் பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும் என்கிறது. கமராப் பதிவுக்கு இதை எழுத்துக்கு எழுத்துப் பொருத்தினால், நான்கு கமராவுக்குப் புதிய முறையிலும் 370 டெராபைட்டுக்கு மேல் தேவை. நடக்கிற காரியமல்ல. நடக்க முடியாத விதி ஒன்று இருப்பதால், நடக்கக்கூடிய எண்ணிக்கை எதுவும் பேசப்படாமல் போகிறது. இறுதியில் பெட்டி பூட்டியவர் வைத்துவிட்டுப் போன தெரிவே சட்டமாகிவிடுகிறது.

அதே சட்டத்தில் நமக்கு உதவும் இரண்டு வாசல்கள் உண்டு. வழமையான கோரிக்கைக்குத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு சேர்த்தால் அது மூன்று கிழமைக்குக் கிட்ட வரும். ஐந்து நாள் பெட்டியிலிருந்து அதற்குள் எல்லாம் போய்விடும். ஆனால் ஒருவரின் உயிரும் தனிமனித சுதந்திரமும் தொடர்பான கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். இது முதல் வாசல். கோரிக்கையோ மேன்முறையீடோ நிலுவையில் உள்ளபோது, கேட்கப்பட்ட தகவலை அழிக்கக் கூடாது. இது இரண்டாவது. பதிவைத் தர மறுக்கச் சட்டத்தில் காரணங்கள் உண்டு. கேட்ட பிறகு அழிக்க அனுமதி இல்லை.

ஆகவே உறவினர் ஒருவர் தடுப்பில் இருக்கும்போது ஏதும் நடந்ததாகத் தெரிந்தால், அன்றே எழுத்தில் கேளுங்கள். நிலையத்தின் பெயர், திகதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்பவற்றைக் குறிப்பிட்டு, "இந்தப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும்" என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்குங்கள். பிரதியை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குக் கொடுங்கள். சட்டத்தரணி மூலம் நீதவானிடமும் கேளுங்கள்.

சொந்தக் கடையில், வீட்டில் சம்பவம் நடந்தால் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கைத்தொலைபேசியில் திரையைப் படம்பிடித்து முகநூலில் போடுவதோடு நிற்காதீர்கள். முதலில் பெட்டியின் கடிகாரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். பிறகு அந்த மணிநேரத்தைப் பென் டிரைவில் பெட்டியின் மூல வடிவிலேயே பிரதி எடுங்கள். முடியாவிட்டால் பெட்டியை முறைப்படி நிறுத்தி, ஆள் வரும்வரை இயக்காமல் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பழையதன்மேல் எழுதக்கூடும். அழிந்ததுபோல் தெரியும் பதிவு, மேலெழுதப்படாமல் இருந்தால் சிலவேளை மீட்கப்படலாம். மேலெழுதப்பட்டால் முடிந்தது.

எத்தனை நாள் என்று யார் சொல்வது?

நீண்ட காலம் வைத்திருக்கச் சொல்வது கண்காணிப்புக்கு வழிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நினைவேந்தலுக்குப் போனவர் யார், போராட்டக் கொட்டகையில் இருந்தவர் யார் என்று படம்பிடிக்கப்பட்ட மாகாணம் இது. தேவைக்கு மேல் தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்பது 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கோட்பாடும்கூட. அதனால்தான் எல்லையற்ற சேமிப்பை நான் கேட்கவில்லை. ஓர் எண்ணிக்கையைக் கேட்கிறேன்.

இந்தியத் தேர்தல் ஆணைக்குழு 2025 மே மாதத்தில், வாக்களிப்புப் பதிவுகளை 45 நாள் மட்டும் வைத்திருந்தால் போதும் என்று அறிவித்தது. தேர்தல் மனுத் தாக்கல் செய்யும் காலமும் அதே 45 நாள். அதை எதிர்த்தும் ஆதரித்தும் அங்கே பெரும் விவாதம் நடந்தது. எண்ணிக்கை வெளியில் தெரிந்ததால்தான் விவாதிக்கவே முடிந்தது. நம் பொலிஸ் நிலையங்களின் எண்ணிக்கை என்ன என்பதையும் அதுபோல் நாம் பேச வேண்டும்.

தடுப்பறை, விசாரணை அறை, வாசல் ஆகிய இடங்களின் பதிவுக்குக் குறைந்தபட்சம் ஒரு மாதம் என்று தொடங்கலாம். நான்கு கமராவுக்குப் புதிய முறையில் 3 டெராபைட் போதும். முறைப்பாடோ மரணமோ நேர்ந்தால் அந்த நாட்களின் பதிவு உடனே பூட்டப்பட்டு, பிரதி ஒன்று நிலையத்துக்கு வெளியே போக வேண்டும். மாதம் ஒருமுறை, பெட்டியில் இருக்கும் மிகப் பழைய பதிவின் திகதியை வெளியார் ஒருவர் பார்த்து எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு திகதி போதும், பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லிவிட.

அடுத்த முறை "பதிவு இல்லை" என்று யாராவது சொன்னால், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியில் உள்ள மிகப் பழைய பதிவு எந்தத் திகதியுடையது என்று கேளுங்கள்.