படியெடுத்து வைப்போம்

தோழர்களே, விடுதிகளில் ஆண்டுதோறும் எழும் வினா ஒன்று உண்டு. "நம் கோப்புகளைக் காத்து வைக்க எதை வாங்கலாம்? பென்டிரைவா, ஹார்டு டிஸ்கா, எஸ்.எஸ்.டி.யா?" என்பதே அது. நல்ல வினாதான். ஆயினும், அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு என்பது என் கருத்து. "எத்தனை படிகள் இருக்கின்றன? அவை எங்கெங்கே இருக்கின்றன?" என்பதுதான் அது. இவ்வறிவு எனக்கு நூலால் வந்ததன்று; இழப்பால் வந்தது.

முதுகலை ஆய்வுக்காக ஒரு விடுமுறையில் எங்கள் ஊருக்குச் சென்று, முதிய பாட்டி ஒருவர் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கைப்பேசியில் பதிவு செய்தேன். கைப்பேசியில் இடம் போதவில்லை. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தேன். தில்லிக்குத் திரும்பிக் கணினியில் செருகினால், "ஃபார்மட் செய்யவா?" என்று அது கேட்டது! பழுது பார்ப்பவரும் கைவிரித்துவிட்டார். மீண்டும் பாடச் சொல்லிக் கேட்கலாம் என்று அடுத்த விடுமுறையில் ஓடினேன். பாட்டி மறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது; அந்தப் பாட்டுகள் கிடைக்கவில்லை.

குற்றம் பென்டிரைவினுடையதா? அன்று, ஒரே படியை நம்பிய என்னுடையது. ஓலைச்சுவடி கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் பொருள். ஆயினும் நம் பழைய நூல்கள் பல பிழைத்து வந்தன. ஓலை வலியது என்பதனால் அன்று. தலைமுறைதோறும் படியெடுத்தார்கள், பல ஊர்களில் வைத்திருந்தார்கள் என்பதனால்தான். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து வந்த சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். மாறாக, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகள் அந்நெருப்போடு போயின. இவ்விரண்டையும் அறிந்த நாம், நம் உழைப்பை ஒரே பையில் ஒரே துண்டில் வைத்துத் திரிவது தகுமா?

இனி, எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம். பென்டிரைவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கு உரியது. காத்து வைப்பதற்கு உரியதன்று. மிகக் குறைந்த விலைக்குப் பெருங்கொள்ளளவு என்று விற்கப்படுபவற்றில் போலிகளும் உண்டு. நிறைந்தபின் எழுதுவதெல்லாம் வீணாகும். ஹார்டு டிஸ்க் கொடுத்த காசுக்கு மிகுந்த இடம் தரும். ஆனால் உள்ளே தட்டுச் சுழல்வதால், கீழே விழுந்தால் கெடக்கூடும். எஸ்.எஸ்.டி. அதிர்ச்சியைத் தாங்கும், விரைவும் மிகுதி. ஆயினும் விலை கூடுதல். மின்சாரம் காட்டாமல் பல ஆண்டு மூடி வைத்தால் பதிந்தவை மங்கவும் கூடும். ஆகவே, மேசை அறைக்குள் வைத்துக் காக்க விரும்பும் மாணவருக்கு ஹார்டு டிஸ்கே போதும் என்பேன்.

"எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கிறதே, பெட்டி எதற்கு?" என்பார் சிலர். இணையச் சேமிப்பும் வேண்டும், அதுமட்டும் போதாது. கணினியோடு இணைந்து இயங்கும் சேமிப்பில், இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். சில நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதற்குள் நாம் கவனித்தால்தான் உண்டு. பல்கலைக்கழகம் தந்த கணக்கோ, நாம் படிப்பை முடித்தபின் மூடப்படலாம்.

மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் மறுபடி வாங்க வழியுண்டு. பலவற்றை 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரிலும் பெறலாம். ஆனால் நாம் எழுதிய அத்தியாயத்துக்கும், எடுத்த பதிவுக்கும் நகல் தரும் அலுவலகம் எங்கும் இல்லை. முதலில் காக்க வேண்டியவை அவையே.

நான் இப்போது கைக்கொள்ளும் முறை எளியது. கணினியில் ஒரு படி. ஹார்டு டிஸ்கில் ஒரு படி. என் சொந்தக் கணக்கின் இணையச் சேமிப்பில் ஒரு படி. ஞாயிறுதோறும் டிஸ்கை இணைத்துப் படியெடுத்தபின் கழற்றி வைக்கிறேன். கணினியை வைரஸ் பற்றினாலும் கழற்றிய டிஸ்கைத் தீண்டாது. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். திறவாத படி படியன்று. விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும்போது இன்னொரு பழைய டிஸ்கிலும் படியெடுத்துச் சென்று வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வருகிறேன்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை; வாரத்தில் அரைமணி நேரம் வேண்டும். இவ்விதழை மூடியதும் தோழர்கள் அந்த அரைமணியைச் செலவிடுவார்களாக! நான் இழந்த பாட்டியின் குரல் இனி வாராது. உங்களிடம் இருக்கும் குரல்களேனும் நிலைக்கட்டும்.