தட்டினால் திறக்கும்!

மாடுலர் சிந்தசைசர் வாங்கிய புதிதில் பெரும்பாலானவர்கள் செய்கிற வேலை இது. ஆசிலேட்டரை ஃபில்டரில் செருகுவார்கள். ஃபில்டரை வி.சி.ஏ.வில் செருகுவார்கள். இரண்டுக்கும் தனித்தனி என்வலப் வேறு. ஆக, ஒரே ஒரு "டொக்" சத்தத்துக்கு ஆசிலேட்டரைச் சேர்க்காமலே நான்கு மாடுல்! பணமும் போச்சு, பெட்டியில் இடமும் போச்சு. இதற்குப் பதில் முதலில் ஒரு லோபாஸ் கேட் வாங்கியிருக்கலாம்.

இது ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டான் புக்லா உருவாக்கி, 1970-இல் வெளிவந்த 200 வரிசையில் 292 என்ற எண்ணுடன் இருந்தது. பியானோ மாதிரி கீபோர்டு வைப்பதில் ஆர்வம் இல்லாத மனிதர் அவர். பழைய வாத்தியத்தைக் காப்பியடிக்காமல் புதுச் சத்தம் தேடியவரின் மாடுல்தான் தட்டுகிற மேளம் போல இயல்பாக ஒலிக்கிறது என்பது வேடிக்கை.

காரணம் சுலபமானது. மணியோ, மேளமோ, கம்பியோ, எதைத் தட்டினாலும் சத்தம் குறையும்போது அதன் கூர்மையும் சேர்ந்தே குறையும். மேல் அதிர்வெண்கள் முதலில் அடங்கும், கீழே உள்ளவை கொஞ்ச நேரம் நிற்கும். லோபாஸ் கேட்டும் அப்படித்தான். ஒலியளவையும் ஃபில்டரையும் ஒரே கையால் மூடுகிறது.

அந்தக் கை வாக்ட்ரோல். சின்னக் கறுப்பு உறைக்குள் ஒரு விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற காட்மியம் சல்ஃபைடு துண்டும் இருக்கும். விளக்கு எரிந்ததும் மின்தடை சட்டென்று குறையும். அணைந்த பிறகோ நிதானமாகத்தான் ஏறும். அந்தச் சோம்பலே ஒரு என்வலப்! அதனால் ஒரு ட்ரிக்கரை நேராகக் கொடுத்தால் போதும். மெல்லத் தட்டினால் பாதிதான் திறக்கும், சத்தமும் மழுங்கலாக வரும். ஓங்கித் தட்டினால் பளீர். வேகமாக அடுத்தடுத்துத் தட்டினால், மூடி முடிக்கும் முன்பே மறுபடி திறந்து, ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறுபடும். இப்படிப்பட்ட மாடுலுக்கு நீண்ட என்வலப்பைக் கொடுத்து அடக்குவது, மேளத்தைத் தட்டாமல் தடவுவது மாதிரி.

குறைகளும் உண்டு. ஒரு வாக்ட்ரோல் போல இன்னொன்று இருக்காது. சிலவற்றில் மூடிய பிறகும் சத்தம் கசியும். துல்லியமான வெட்டு வேண்டுமென்றால் வி.சி.ஏ.தான் சரி. காட்மியம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருட்களில் அதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. அது நியாயமான கட்டுப்பாடுதான். "வாக்ட்ரோல் இல்லாவிட்டால் அது லோபாஸ் கேட்டே இல்லை" என்று அடம்பிடிப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். 2018-இல் வந்த மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிளெய்ட்ஸ், இதே நடத்தையை நிரலிலேயே எழுதிக் காட்டியது. சத்தமும் கூர்மையும் சேர்ந்து சாய வேண்டும், அடி வேகத்தை மதிக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். உள்ளே விளக்கு எரிகிறதா இல்லையா என்பது காதுக்குத் தெரியாது.

துல்லியம்தான் தரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாடுல் பிடிக்காது. ஆனால் கையில் காசு குறைவாக, காது மட்டும் பேராசையாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நான்கு மாடுலுக்குச் சேர்த்து வைத்த பணத்தில் ஒன்றை வாங்கித் தட்டிப் பார்க்கட்டும். மிச்சம் மூன்றும் தேவையா என்பது அப்புறம் தானாகத் தெரியும்.