எந்த வீட்டு விசேஷம் என்று சொல்லி அழையுங்கள்

போன வருஷம் ஒரு புதன்கிழமை சாயந்திரம் என் அக்கா மகன் போன் செய்தான். சொட்டுநீர்க் குழாயும் மோட்டாரும் விற்கிறவன். பக்கத்து நகரத்தில் வியாபாரிகள் சேர்ந்து வாராவாரம் கூடும் ஒரு குழுவில் உறுப்பினர்.

"மாமா, நாளைக்குக் காலையில எங்க குழுவுல விருந்தினர் நாள். ஆளுக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரணும். எனக்கு ஒருத்தர்தான் கிடைச்சாரு. உங்களுக்குத் தெரிஞ்ச வியாபாரி யாரையாவது அழைச்சிட்டு வாங்களேன்" என்றான்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் எங்கள் எலவனாசூர்கோட்டையில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் என் நண்பர். நாற்பது வருஷப் பழக்கம். "காலையில ஒரு இடத்துல டிபன் சாப்பிட்டுட்டு வரலாம், வாய்யா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். விவரமாகச் சொன்னால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

காலை ஏழு மணிக்கு ஓட்டல் மாடியில் நாற்பது பேர். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் விசிட்டிங் கார்டு. இவர் கடைக்குப் போகிற வேட்டியோடு வந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிஷம் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசினார்கள். விருந்தினர் முறை வந்தது. நண்பர் எழுந்தார், பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குழுவில் ஏற்கெனவே ஒரு எண்ணெய் வியாபாரி இருக்கிறார். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்பது அங்கே சட்டம். அதாவது, இவர் ஆசைப்பட்டாலும் சேர முடியாது. கடைசியில் டிபனுக்குப் பணம் கேட்டார்கள். நான் பையைத் துழாவுவதற்குள் அவரே தன் பங்கைக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குகிற இடத்தில் சொன்னார்: "பத்திரிகை வைக்கிறவன் யாரு வீட்டுக் கல்யாணம்னு சொல்லித்தான்யா வைப்பான். நீ சொல்லாம கூப்பிட்டுட்ட."

அதன்பிறகு மூன்று வாரம் டீக்கடைப் பக்கமே அவர் வரவில்லை.

இந்தக் குழுக்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ரோட்டரியை ஆரம்பித்தார். சிற்றூரில் வளர்ந்தவர். பெரிய நகரத்தில் ஊர்ப் பழக்கம்போல ஒரு சிநேகம் கிடைக்காதா என்ற ஏக்கம் அவருக்கு. முதல் கூட்டத்தில் அவரோடு இருந்தவர்கள் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழில் செய்பவர். முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. தொழிலுக்கு ஒருவர் என்ற வழக்கம் அங்கேயே இருந்தது. மெட்ராஸில் 1929-லேயே ரோட்டரி வந்துவிட்டது. 1985-ல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் பி.என்.ஐ. அமைப்பைத் தொடங்கி, வியாபாரப் பரிந்துரையை மட்டுமே நோக்கமாக வைத்தார். கொடுப்பவனுக்குத்தான் கிடைக்கும் என்பது அவர்கள் கொள்கை. யார் யாருக்கு எந்த வாடிக்கையாளரை அனுப்பினார் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்டால் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். மொய் நோட்டில் நாம் செய்வது வேறென்ன? பெயர், ஊர், தொகை. இன்றைக்கு அவர் எழுதினார், நாளைக்கு நான் எழுத வேண்டும். ஆனால் மொய்க்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு வீடு தேடிப் போய், இன்னார் வீட்டு விசேஷம், இந்தத் தேதி, இந்த மண்டபம் என்று சொல்லி அழைப்போம். வருகிறவன் மொய்ப் பணத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தயாராக வருவான். என்ன எதிர்பார்ப்பு என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவனுக்குக் கூச்சம் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் ஊர் வணிகர் சங்கத்தில் இரண்டு எண்ணெய்க் கடைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மே 5 வணிகர் தினத்துக்கு ஒரே வண்டியில் மாநாட்டுக்குப் போகலாம். இந்தக் குழுக்களில் அது நடக்காது. அது அவர்கள் முறை, குறை சொல்லவில்லை. ஆனால் விருந்தினரைக் கூப்பிடுகிறவன் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

தலைக்கு இரண்டு பேர் என்று எண்ணிக்கை வைத்தவுடன் அழைப்பு ஆள் பிடிப்பதாக மாறிவிடுகிறது. அக்கா மகனுக்கு அன்று எண்ணிக்கை சரியாகிவிட்டது. அதற்கு விலையாகப் போனது என் நண்பரின் மதிப்பு.

அழைப்பதில் தவறே இல்லை. நம்மைப் போன்ற சிற்றூர் வியாபாரிக்குப் புது முகங்கள் கட்டாயம் வேண்டும். இது இன்ன கூட்டம், எல்லோரும் ஒரு நிமிஷம் பேசுவார்கள், நீங்களும் பேச வேண்டியிருக்கும், கார்டு இருந்தால் எடுத்து வாருங்கள், டிபன் செலவு என்னுடையது, பிடிக்கவில்லை என்றால் சேர வேண்டாம் என்று சொல்லி அழையுங்கள். இதற்கு இரண்டு நிமிஷம் போதும். கேட்டுவிட்டு வரமாட்டேன் என்பவர் எப்படியும் சேரப் போவதில்லை. கூட்டத்தில் அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பேருக்கு அறிமுகப்படுத்துங்கள். மறுநாள் போன் செய்யுங்கள், சேருகிறீர்களா என்று கேட்க அல்ல, எப்படி இருந்தது என்று கேட்க.

நாலாவது வாரம் அக்கா மகனை அழைத்துக்கொண்டு நானே செக்குக்குப் போனேன். "மாமா மேல தப்பு இல்லீங்க, நான்தான் அவசரப்படுத்திட்டேன்" என்றான். நண்பர் எதுவும் சொல்லவில்லை. கடைப் பையனை டீ வாங்கி வர அனுப்பினார். டீ குடித்து முடித்ததும் அவனிடம், "கரும்புக்குச் சொட்டுநீர் போட ஏக்கருக்கு எவ்வளவுப்பா ஆவும்? கடலை கொண்டாந்து போடுறவரு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

அவன் கார்டை எடுத்தான். "கார்டு எதுக்கு? நீ இவரு அக்கா மகன்னு சொல்லி அனுப்புறேன், போதும்" என்றார்.