சீன எழுத்து ‘ஓவிய எழுத்து’ ஆகுமா? மரக்குறி எழுத்துகள் தரும் விடை

எழுத்தின் வரலாற்றைக் கூறும் தமிழ் நூல்களில் ஓவிய எழுத்து, கருத்தெழுத்து, அசையெழுத்து, ஒலியெழுத்து என்னும் வளர்ச்சிப் படிநிலை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. அப்படிநிலையில் சீன எழுத்து முதலிரு படிகளில் வைக்கப்படுகிறது. ஒலியின் துணையின்றிப் பொருளைக் கண்ணுக்கு நேரே உணர்த்துவது அவ்வெழுத்து என்பது இவ்வைப்பின் உட்கிடை. இக்கருத்து பிழையானது என்பதும், அப்பிழை வெறும் கலைச்சொல் பிழையாக நின்றுவிடாமல் சீனச் சான்றுகளைக் கையாளும் தமிழாய்வையும் பாதிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. மரத்தையும் மரப்பொருள்களையும் குறிக்கும் எழுத்துகளே இதற்குத் தக்க சான்றுகள். ஓவியத் தன்மை மிகுந்தவை என்று எடுத்துக்காட்டப்படுபவை அவையே ஆதலின், அங்கேயே அக்கருத்து நிற்கவில்லையெனில் வேறெங்கும் நிற்காது.

இப்பிழை தமிழுக்கு மட்டும் உரியதன்று. எர்னஸ்ட் ஃபெனல்லோசா எழுதி எஸ்ரா பவுண்ட் 1919இல் வெளியிட்ட கட்டுரை, சீன எழுத்தைக் காட்சிப் படிமங்களின் தொகுதியாகக் கண்டு மேலைக் கவிதையுலகில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. அதற்கு முன்பே, 1838இல், பீட்டர் டு போன்சோ சீன எழுத்துகள் கருத்துகளை அன்று, சொற்களையே குறிக்கின்றன என நிறுவ முயன்றார். 1984இல் ஜான் டிஃப்ரான்சிஸ் அவ்வாதத்தை விரிவான சான்றுகளுடன் மீண்டும் முன்வைத்தார். மொழியியலார் பலரும் இன்று இதனை ஏற்கின்றனர். தமிழ்ப் பாடநூல் வழக்கோ பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஷூ ஷென் கி.பி. 100இல் தொகுத்து முடித்த ‘ஷுவோவென் ஜியேட்ஸு’ என்னும் அகராதி 9,353 எழுத்துகளை 540 தலைப்புக் குறிகளின்கீழ் வகுத்துரைக்கிறது. மரக்குறியின்கீழ் மட்டும் 421 எழுத்துகள் உள்ளன. 1716இல் நிறைவுற்ற காங்ஷி அகராதி 214 தலைப்புக் குறிகளைக் கையாண்டது. அதில் 75ஆவதாக அமையும் மரக்குறி 1,369 எழுத்துகளுக்குத் தலைமை தாங்குகிறது. இவ்வளவு எழுத்துகளையும் ஓவியங்களாக வரைந்து வேறுபடுத்துவது இயலாது. இவை எவ்வாறு வேறுபடுத்தப்பட்டன என்பதே வினா.

முதற்கண் ஓவியத் தன்மையுடையவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மரத்தைக் குறிக்கும் ‘மூ’ நான்கு கோடுகளால் ஆனது. அதன் தொல்வடிவத்தில் மேல்நோக்கிய கிளைகளும் கீழ்நோக்கிய வேர்களும் தெளிவாகத் தெரிகின்றன. அவ்வெழுத்தை இருமுறை அடுத்தெழுதினால் தோப்பு அல்லது காடு எனப் பொருள்படும் ‘லின்’. மூன்று மரங்களை அடுக்கினால் அடர்த்தியைச் சுட்டும் ‘ஸென்’. மரத்தின் அடியில் ஒரு சிறுகோடு இட்டால் வேர், அடிப்படை எனப் பொருள்படும் ‘பென்’. உச்சியில் கோடு இட்டால் நுனி, முடிவு எனப் பொருள்படும் ‘மோ’. மனிதக் குறியை மரத்தின் அருகே எழுதினால் ஓய்வைக் குறிக்கும் ‘ஷியூ’. அறிமுக நூல்கள் திரும்பத் திரும்பக் காட்டுபவை இவையே. ஆயினும் இத்தகையவை மிகச் சில.

ஓவியம் போலத் தோன்றும் சில எழுத்துகளோ ஓவியமாகப் பொருள் தருவன அல்ல. கிழக்கைக் குறிக்கும் ‘துங்’ என்னும் எழுத்து மரத்தின் நடுவே கதிரவன் இருப்பதாக ஷூ ஷெனால் விளக்கப்பட்டது. ஃபெனல்லோசா வியந்து போற்றிய எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. ஷூ ஷென் கண்டிராத எலும்பெழுத்துகள் 1899 முதல் அறிஞர் கவனத்துக்கு வந்த பின்னர், அதன் தொல்வடிவம் இருபுறமும் கட்டிய பொதியின் உருவெனத் தெரியவந்தது. கிழக்கைக் குறித்த சொல்லின் ஒலி ஒத்திருந்தமையால் அவ்வுரு கடனாகப் பெறப்பட்டது. ‘இன்னும் இல்லை’ எனப் பொருள்படும் ‘வெய்’ என்பதும் அத்தகையது. அதன் வடிவம் கிளைத்த மரமே. ஆனால் எதிர்மறையை எந்த மரமும் வரைந்து காட்ட இயலாது. அங்கும் ஒலியே எழுத்தைத் தந்தது.

மரக்குறி எழுத்துகளின் பெரும்பகுதி மூன்றாம் வகையினது. ஒரு பாதி பொருளின் இனத்தையும் மறுபாதி ஒலியையும் சுட்டும் இணைப்பு எழுத்துகள் அவை. பைன் மரத்தைக் குறிக்கும் ‘ஸுங்’ என்பதில் மரக்குறியோடு ‘குங்’ என்னும் எழுத்து நிற்கிறது. ‘குங்’ என்பதன் பொருள் பொது என்பது; அதற்கும் பைன் மரத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஒலிக்காகவே அது அங்குள்ளது. ஃபெங் மரத்தின் பெயரில் காற்றைக் குறிக்கும் ‘ஃபெங்’, ஆலமரத்தைக் குறிக்கும் ‘ருங்’ என்பதில் கொள்ளுதலைக் குறிக்கும் ‘ருங்’, பாலத்தைக் குறிக்கும் ‘சியாவ்’ என்பதில் உயரத்தைக் குறிக்கும் ‘சியாவ்’, கிளையைக் குறிக்கும் ‘சி’ என்பதில் தாங்குதலைக் குறிக்கும் ‘சி’ ஆகியன ஒலியுறுப்புகளாக நிற்கின்றன. சீன எழுத்துகளுள் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இவ்வமைப்பின என்பது பொதுவாக ஏற்கப்படும் கணிப்பு.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவை. உரோமன் முறையில் ஒலிப்புடை எழுத்துகளால் காட்டப்படும் மாண்டரின் மொழிமுதல் வல்லொலிகள் உண்மையில் ஒலிப்பற்றவை, மூச்சொலியும் அற்றவை. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் ககர, தகர, பகரங்களுக்கு அவை நெருங்கியவை. ‘பென்’, ‘குங்’ என்பவற்றைத் தமிழ் இயல்புப்படி ஒலித்தலே தகும். மாண்டரினின் நான்கு தொனிகளையும் மூச்சொலிகளையும் தமிழ் எழுத்து காட்டுவதில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

பொருளைச் சுட்டும் மரக்குறி மட்டுமேனும் ஓவியமன்றோ எனக் கேட்கலாம். அது வகைப்பாட்டுக் குறியேயன்றி ஓவியமன்று. பொறியைக் குறிக்கும் ‘ஜீ’ என்னும் எழுத்து மரக்குறியுடையது. பண்டைத் தறியும் விற்பொறியும் மரத்தாலானவை என்பதன் எச்சம் அது. இன்று விமானத்தைக் குறிக்கும் ‘ஃபெய்ஜீ’, கைப்பேசியைக் குறிக்கும் ‘ஷோவ்ஜீ’ ஆகிய சொற்களிலும் அவ்வெழுத்தே வருகிறது. அவற்றைப் படிக்கும் சீனர் மரத்தைக் காண்பதில்லை. ‘ஜீ’ என்னும் சொல்லுறுப்பையே படிக்கின்றனர்.

ஒலியுறுப்பு எழுத்தின் உள்ளேயே இருப்பதால், ஒலி மாறும்போது எழுத்து பழைய ஒலியின் தடயத்தைக் காத்துவைக்கிறது. ‘ஸுங்’, ‘குங்’ ஆகியவற்றின் முதலொலிகள் இன்று வேறுபட்டு நிற்பது இத்தகைய தடயமே. ஒரே ஒலியுறுப்பைக் கொண்ட எழுத்துகள் பண்டு ஒரே இயைபுத் தொகுதியைச் சேர்ந்திருத்தல் வேண்டும் என்னும் நெறியைத் துவான் யூத்சாய் (1735–1815) வகுத்தார். கி.பி. 601இல் லூ ஃபாயென் தொகுத்த ‘சியேயுன்’ என்னும் இயைபகராதி, ஓரெழுத்தின் ஒலியை முதலொலிக்கு ஓரெழுத்தும் எஞ்சிய பகுதிக்கு ஓரெழுத்துமாக இரண்டு எழுத்துகளால் உணர்த்துகிறது. இவற்றோடு வட்டார மொழிகளின் ஒலிப்புகளையும் ஒப்பிட்டுப் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் முதலானோர் பழஞ்சீன ஒலியமைப்பை மீட்டுருவாக்கினர்.

வட்டார ஒலிப்புகளின் பயனுக்கு மரமும் தோப்புமே சான்று. மாண்டரினில் ‘மூ’ எனப்படும் மரம் காண்டனியத்தில் ‘முக்’, கொரியத்தில் ‘மொக்’, சப்பானியத்தில் ‘மொகு’ எனப்படுகிறது. மாண்டரின் இழந்த ஈற்றுக் ககரத்தைப் பிற மொழிகள் காத்துள்ளன. மாண்டரினில் ‘லின்’ எனப்படுவது ஹொக்கியனில் ‘லிம்’, காண்டனியத்தில் ‘லம்’. மாண்டரினில் மகர ஈறு னகரமாயிற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் நன்கறிந்த ‘லிம்’ என்னும் குடும்பப் பெயர் இத்தோப்பே. ஆகவே, இன்றைய மாண்டரின் ஒலியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆவணத்தின் ஒலியாகக் கொள்ளுதல் முறையன்று.

தமிழாய்வு இதில் கருத்தூன்ற வேண்டிய காரணங்கள் இரண்டு. முதலாவது, சந்தனம். ‘தான்’ என்னும் மரக்குறி எழுத்து, பண்டைச் சீனப் பாடல் தொகுப்பாகிய ‘ஷிஜிங்’கில் வண்டி செய்ய வெட்டப்படும் ஒரு வன்மரத்தின் பெயர். பௌத்த நூல்கள் சீனத்தில் பெயர்க்கப்பட்டபோது, ‘சந்தன’ என்னும் வடசொல்லை எழுத இரண்டு எழுத்துகள் ஒலிக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டன. இரண்டாவது எழுத்து இந்தத் ‘தான்’. இடைக்காலச் சீனத்தில் அதன் முதலொலி ஒலிப்புடைத் தகரம். ‘சந்தன’ என்பதன் நடுவொலிக்கு அதுவே பொருந்தியது. மாண்டரினின் மூச்சொலித் தகரத்தைக் கொண்டு நோக்கினால் இப்பொருத்தம் புலப்படாது. பின்னர் முதலெழுத்துக்கும் மரக்குறி சேர்த்தெழுதும் வழக்குத் தோன்றியது. செங் ஹேயின் பயணத்தை ஒட்டி 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட காலிக் கல்வெட்டின் சீனப் பகுதியில், புத்தருக்கு அளித்த காணிக்கைகளுள் ‘தான்ஷியாங்’ எனச் சந்தனம் இடம்பெறுகிறது. அவ்வெழுத்தை ஓவியமாக நோக்குவோர்க்கு ஏதோ ஒரு மரம் மட்டுமே தெரியும். அதன் ஒலியை ஆராய்வோர்க்கு இந்தியப் பெருங்கடலின் வணிகமும் பௌத்தமும் சொற்பயணமும் ஒருங்கே தெரியும்.

இரண்டாவது, காஞ்சி. ஹான் அரசமரபின் வரலாற்று நூல் ‘ஹுவாங்சி’ என்னும் நாட்டைக் குறிப்பிடுகிறது, கி.பி. 2இல் அந்நாட்டிலிருந்து காண்டாமிருகம் காணிக்கையாக வந்த செய்தியையும் தருகிறது. இதனைக் காஞ்சியுடன் இணைக்கும் கருத்து தமிழக வரலாற்று நூல்களில் பரவலாக இடம்பெற்றுள்ளது. அப்பெயரின் இரண்டாம் எழுத்து, கிளையைக் குறிக்கும் மரக்குறி எழுத்தில் ஒலியுறுப்பாக நிற்கும் அதே ‘சி’. அவ்வொலியுறுப்பு திறனைக் குறிக்கும் எழுத்திலும் வருகிறது. திறனெழுத்தின் காண்டனிய ஒலிப்பு ‘கெய்’. சப்பானிய ஒலிப்பும் ககர முதலினது. இத்தொகுதியின் தொல்லொலி ககர முதலினது எனப் பழஞ்சீன ஆய்வாளர் கொள்வதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை. எனவே ‘ஹுவாங்சி’யின் இன்றைய ஈற்றொலி காஞ்சியின் ஈற்றொலியை ஒத்திருப்பது தன்னளவில் சான்றாகாது. ஹான் காலத்தில் அவ்வெழுத்தின் முதலொலி ககரமாக நின்றதா, சகரமாகத் திரிந்துவிட்டதா என்பதை முடிவு செய்த பின்னரே காஞ்சி அடையாளத்தை ஏற்கவோ மறுக்கவோ இயலும். இக்கேள்வியை எழுப்பாமலே முடிவை மட்டும் எடுத்தாளுதல் ஆய்வாகாது.

சீன எழுத்தை ஓவியமாகக் கருதும் மனப்பான்மையே இக்கேள்வி எழாமைக்கு ஒரு காரணம். எழுத்து பொருளை மட்டும் தருவதெனில் அதன் பழைய ஒலியைத் தேட வேண்டிய தேவை தோன்றாது. கிடைத்த இன்றைய ஒலியே போதுமெனத் தோன்றும்.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டத்தக்கன. ஒன்று, ‘ஓவிய எழுத்து’, ‘கருத்தெழுத்து’ என்பவற்றைச் சீன எழுத்துமுறை முழுமைக்கும் பெயராக வழங்குவதைக் கைவிட்டு, ‘உருபனெழுத்து’ எனல் பொருந்தும். ஓரெழுத்து பெரும்பாலும் பொருளும் ஒலியும் உடைய ஓர் உருபனைக் குறிப்பதால் அப்பெயர் தகும். இரண்டு, சீனப் பெயர்களை எடுத்தாளும் ஆய்வுக்கட்டுரைகள் மாண்டரின் ஒலிப்போடு ஆவணக் காலத்து மீட்டுருவாக்க ஒலிப்பையும் தருதல் வேண்டும். மூன்று, இன்றைய ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொற்பிறப்போ இடப்பெயர் அடையாளமோ கூறும் கட்டுரைகளை மதிப்பீட்டாளர்கள் திருத்தத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

வடமொழி, பிராகிருதம், கிரேக்கம் முதலியவற்றின் சான்றுகளைக் கையாளும்போது தமிழாய்வு ஒலிமரபை நுணுகி நோக்குகிறது. சீனச் சான்றுக்கு மட்டும் அந்நெறியைத் தளர்த்துவதற்கு நியாயமில்லை. எழுத்தின் மரக்குறியைக் காண்பதோடு அமையாது அதன் மறுபாதியையும் படித்தல் வேண்டும். வரலாற்றாய்வுக்கு வேண்டிய ஒலி அங்கேயே உள்ளது.