அபூர்வம் என்பது பெருமையா, குற்றப்பத்திரிகையா?

ஒரு பொருள் அபூர்வமாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆரம்பத்திலேயே கொஞ்சமாகச் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால், நிறையச் செய்துவிட்டு வரிசையாகத் தொலைத்திருக்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் 'ரேர் பீஸ்' என்று தெரிந்ததும் துள்ளிக் குதிக்கிற யாரும், அது எந்த வழியில் அபூர்வமானது என்று கேட்பதில்லை. "என்ன விலை போகும் தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் இருப்பது எஸ்.சி.எல். யூனிகார்ன். ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டம் பண்ணி ஏலம் விட்டபோது, இரண்டு மேசையோடும் ஒரு மரப் பீரோவோடும் சேர்த்து மாமா எடுத்து வந்தது. பிரிட்டனில் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோதான் இதன் மூலம். 6502 சில்லு, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் நினைவகம். அதை உரிமம் பெற்று இந்தியாவில் செய்தது செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட் என்ற மத்திய அரசு நிறுவனம்.

இந்த மெஷின்கள் எதற்கு வந்தன? 1984-85இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு தேர்ந்தெடுத்தது பி.பி.சி. மைக்ரோவைத்தான். 12,000 மெஷின்கள் வந்தன. 2,598 பள்ளிகளில் நிறுவினார்கள். பன்னிரண்டாயிரம் என்பது கைவிரலில் எண்ணுகிற கணக்கா? நாற்பது வருஷத்தில் அது அபூர்வமாகிவிட்டது என்றால், அதை இயற்கையின் தலையில் கட்ட முடியாது.

எப்படித் தொலைத்தோம் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. ஆயுட்காலம் முடிந்ததும் கண்டம். ஏலம். அப்புறம் காயலான் கடை. அங்கே கிலோ கணக்கு. தலைமை ஆசிரியரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கண்டம் பண்ணாமல் வைத்திருந்தால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பாதுகாத்தவருக்குத் தண்டனை, தொலைத்தவருக்கு ரசீது என்பதுதான் நம் ஏற்பாடு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின் கவலை மண்ணும் உலோகமும், நியாயமான கவலைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருந்தது என்று கேட்பது யார் வேலை?

"அட, எமுலேட்டர் இருக்கே! அதெல்லாம் இப்ப பிரவுசர்லயே ஓடுது" என்பார்கள் என் துறை நண்பர்கள். ஓடுகிறதுதான். அங்கே ஆட்கள் ராமைப் படியெடுத்து வைத்ததால் ஓடுகிறது; நான் சொல்வது படிக்க மட்டும் முடிகிற ராம். பிளெட்ச்லி பூங்காவிலுள்ள கணினி அருங்காட்சியகத்தில் பி.பி.சி. மைக்ரோக்களை வரிசையாக வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை இன்றும் தட்டவிடுகிறார்கள். எமுலேட்டர் அவர்களுடைய நினைவைத்தான் திருப்பித் தரும். நம் பள்ளிகளில் ஒரு வாத்தியார் பேசிக்கில் எழுதிய வாய்ப்பாட்டு நிரலையும், ஃப்ளாப்பியில் ஒரு பெண் பிள்ளை சேமித்து வைத்த கோலத்தையும் எந்த எமுலேட்டர் கொண்டுவரும்?

இன்னொரு கூட்டம், "அந்தக் காலத்துக் குப்பை, அதிலென்ன இருக்கு?" என்கிறது. அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்வோம். அதில் ஓடும் ஆர்ம் சில்லின் கட்டளைத் தொகுதியை சோஃபி வில்சன் முதலில் ஓட்டிப் பார்த்தது பி.பி.சி. மைக்ரோவில், பி.பி.சி. பேசிக்கில். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சில்லு உயிர்பெற்றதும் ஒரு பி.பி.சி. மைக்ரோவோடு இணைத்துத்தான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் லட்சக்கணக்கானோர் கையில் இருப்பதன் பாட்டன் அன்று நம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. இன்று செமிகண்டக்டருக்கு 76,000 கோடி ரூபாய் என்று மேடையில் முழங்குகிறோம். மொஹாலியில் அதே செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸின் ஆலை 1989இல் தீப்பிடித்து எரிந்த கதையோ, அது செய்த மெஷினின் பெயரோ முழங்குபவர்களுக்குத் தெரியுமா?

பழையதைப் பாதுகாப்பது நம் ரத்தத்திலேயே இல்லை என்று ஒரு சலிப்பு உண்டு. அதுவும் பொய். இதே மாவட்டத்தில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எஜமானோடு திருடரை எதிர்த்து நின்ற நாயின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது: கோவிவன். அன்று ஒருவர் வெட்டினார். பிறகு ஆட்கள் காடு கழனியெல்லாம் நடந்து படியெடுத்தார்கள். தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகப் போட்டது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். 1985இல் அரசுப் பள்ளியில் ஓடிய ஒரு நிரலின் பெயர் தெரியாது.

நான் கேட்பது கண்ணாடிப் பெட்டியோ கோடி ரூபாயோ அல்ல. கண்டம் பண்ணும் படிவத்தில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்: வரிசை எண், பலகையின் புகைப்படம், ராமின் படி, ஃப்ளாப்பியின் படி. ஊருக்கு ஊர் பொறியியல் கல்லூரி வைத்திருக்கும் மாநிலத்தில் இதைச் செய்ய ஆளா இல்லை?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் ஆர்வத்தில் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பவர் சப்ளையிலுள்ள பழைய கெப்பாசிட்டர் வெடித்துப் புகையும். ஈப்ராம் சில்லின் கண்ணாடி மேல் ஒட்டிய காகிதத்தை உரிக்காதீர்கள். புறஊதா ஒளி பட்டால் உள்ளே இருப்பது அழியும். முதலில் படியெடுங்கள், படியை நாலு பேரிடம் கொடுங்கள். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பெட்டி ஒன்றே ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே இருப்பதும் ஒன்றே ஒன்றாக இருந்தால், அடுத்த ஏலத்தோடு அதுவும் போய்விடும்.